எதிர்த்திசையில் நானூறு மீட்டர்

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறோம். ஒரே ஸ்கூட்டரில் போய் வருகிறோம். இக்கட்டுரையில் வரும் ‘நாங்கள்’ தன்னடக்கப் பன்மையும் அன்று, தலையங்கப் பன்மையும் அன்று. வண்டியை ஓட்டியவருக்கும், பின்னால் அமர்ந்து ஒன்றும் சொல்லாதிருந்தவருக்கும் குற்றத்தில் சரிபாதி என்பதால் வந்த பன்மை.

கல்லூரி ஊருக்கு வெளியே, நான்குவழி தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பதைச் சொல்லாமல் விடுகிறோம். வாசகர்கள் தத்தம் ஊர்ப் புறவழிச்சாலையில் உள்ள ஏதேனும் ஒரு கல்லூரியை நினைத்துக்கொண்டால் போதும், பெரிதாகப் பிசகாது. ஊரிலிருந்து போகும்போது கல்லூரி வலப்பக்கம் வரும். நடுவே சென்டர் மீடியன். முறைப்படி போவதென்றால் கல்லூரி வாசலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கடந்து, 1200 மீட்டர் அப்பால் உள்ள இடைவெளியில் யூ டர்ன் அடித்து, அதே 1200 மீட்டர் திரும்பி வரவேண்டும். முறை தவறிப் போவதென்றால், கல்லூரிக்கு முன்னதாகவே பெட்ரோல் பங்க் எதிரில் உள்ள இடைவெளியில் வலப்பக்கம் புகுந்து, எதிரே வரும் வண்டிகளுக்கு ஓரம் கொடுத்தபடி 400 மீட்டர் போனால் வாசல். இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். முதல் மணி வகுப்பு இருக்கும் நாட்களில் அந்த மிச்சம் பெரிய விஷயமாகத் தெரியும். மூன்று ஆண்டுகள் நாங்கள் அப்படித்தான் போனோம். எங்களுக்குப் பின்னால் மாணவர்களும் வந்தார்கள். முன்னால் ஆசிரியர்கள் போகிறார்கள் என்பதைவிட ஒரு மாணவனுக்கு வேறென்ன அனுமதி வேண்டும்?

2023 ஆகஸ்டில் ஒரு காலை, ஒன்பதே கால் மணி இருக்கும். முதலாமாண்டு மாணவி ஒருத்தி தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தாள். அவள் ஊர் சாலைக்கு அந்தப் பக்கம், ஆறு கிலோமீட்டர் உள்ளே. காலை ஏழு மணிக்கு ஒரு பேருந்து, அதை விட்டால் பத்தரைக்கு. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் இருக்கிறது. பயணம் செய்யப் பேருந்து அந்த நேரத்தில் இல்லை. ஆகவே பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள். மீடியனில் சிமெண்ட் உடைந்து ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி இருந்தது. அங்கே நின்று, முறையாக எந்தப் பக்கமிருந்து வண்டி வருமோ அந்த இடப்பக்கத்தைப் பார்த்துவிட்டு அவள் இறங்கினாள். வாசலை எட்ட நாலடி இருக்கையில் மோட்டார் சைக்கிள் வலப்பக்கத்திலிருந்து வந்தது. ஓட்டி வந்தவனும் எங்கள் கல்லூரியின் முதலாமாண்டு மாணவன்தான். பெட்ரோல் பங்க் எதிரில் புகுந்து வந்திருக்கிறான்.

நாங்கள் அன்று இரண்டு நிமிடம் தாமதம். அவனுக்குப் பின்னால் அதே ஓரத்தில் வந்துகொண்டிருந்தோம்.

இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. 108 வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைப் பற்றி அதுவரை செய்தித்தாளில் படித்திருந்தோம். விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரத்துக்கு அரசே மருத்துவச் செலவை ஏற்கும் திட்டம், தொடங்கியபோது உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். அது உண்மையாகவே வேலை செய்வதை அன்று கண்டோம். யாரும் பணம் கேட்கவில்லை. அறுவை முடிந்து, காலில் கம்பி வைத்து, மறுநாள் மாலை அவள் கண் திறந்து பேசினாள். அரசைக் குறை சொல்வதையே கட்டுரையின் இலக்கணமாகக் கொண்ட எங்களைப் போன்றவர்கள் இதையும் எழுதிவைக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவதுதான் சொல்லக் கூசுவது. அந்தப் பையனின் தகப்பனார் செங்கல் சூளையில் கூலி. பையனிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை. வண்டி யாரோ உறவினருடையது. வழக்கு என்று ஆனால் அவன் படிப்பு போய்விடும் என்று தாயும் தந்தையும் கல்லூரி மரத்தடியில் நின்று அழுதார்கள். ஆசிரியர்களான நாங்கள் நால்வர் மருத்துவமனைக்குப் போய் மாணவியின் தந்தையிடம் பேசினோம். “ரெண்டும் நம்ம பிள்ளைங்கதானே அண்ணே” என்றோம். நயமாகத்தான் பேசினோம். பேசத் தெரிந்தவர்கள் என்பதுதானே எங்கள் தொழில். அவர் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வாத்தியாருங்க சொன்னா சரிதான்” என்றார். மருத்துவமனைப் பதிவேட்டில் ‘சைக்கிளிலிருந்து தவறி விழுந்ததாகத் தகவல்’ என்று ஏறியது. முதல் தகவல் அறிக்கை இல்லை. பையனின் வீட்டார் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். பெருந்தன்மையான ஒரு காரியத்தைச் செய்து முடித்த நிறைவோடு நாங்கள் வீடு திரும்பினோம்.

எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை, அப்போது எங்களுடன் தங்கியிருந்தார். நாங்கள் இருவரும் புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்தவர்கள். 1992இல் அந்த மாவட்டத்தில் நடந்ததை இலக்கிய வாசகர்கள் பி. சாய்நாத்தின் எழுத்து வழியாக அறிந்திருக்கக் கூடும். அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாக, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் கற்பிப்பதை எழுத்துக் கற்பிப்பதோடு இணைத்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் அந்த ஓராண்டில் சைக்கிள் ஏறினார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் கற்றுக்கொண்டவர்கள் பலர். அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடாயிற்று. அதற்கென்று பாட்டும் உண்டு.

இந்த அம்மா அப்போது அறிவொளித் தொண்டர். மணிக்கணக்கில் வாடகை கொடுத்து எடுத்த சைக்கிளில், கண்மாய்க் கரையில், முழங்கையைத் தேய்த்துக்கொண்டு கற்றவர். பத்து வயதில் அதே கரையில் குரங்குப் பெடல் போட்டுத் திரிந்த நாங்கள், அம்மாக்கள் சைக்கிளிலிருந்து விழுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். விபத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி காலைப் பற்றியது. இரண்டாவது: “அந்தப் பிள்ள திரும்பச் சைக்கிள் ஏறுவாளா?” பிறகு, கேட்காமலேயே சொன்னார்: “நாங்க கத்துக்கிட்டப்ப ரோட்டுல பேச்சுக்குத்தான் பயம். வண்டிக்கு இல்ல.”

தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் தரும் திட்டம் தொடங்கியது. பின்னர் அது அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிந்தது. புதுக்கோட்டைக் கண்மாய்க் கரையில் கிடைத்த ஒன்று மாநிலம் முழுவதற்கும் கிடைத்ததாகவே நாங்கள் அதை எண்ணிவந்தோம். சைக்கிளுக்கு நிதிநிலை அறிக்கையில் ஒரு கணக்குத் தலைப்பு உண்டு. அந்தச் சைக்கிள் ஓட வேண்டிய சாலை விளிம்புக்கு?

இந்தக் கேள்வியோடு நாங்கள் ஏறி இறங்கிய படிகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அலுவலகப் படிக்கட்டு இலக்கியம் தமிழில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

முதலில் காவல் நிலையம். போக்குவரத்தைப் பார்க்கும் எஸ்.ஐ. நல்ல மனிதர், எங்கள் மனுவின் ‘மாண்பமை’, ‘தயைகூர்ந்து’ முதலியவற்றைக் கடந்து விஷயத்துக்கு வந்துவிட்டார். “ஆள் போடறேன் சார். காலையில ஒரு மணி நேரம். தினமும்னு சொல்ல முடியாது. விஐபி வந்தா அங்க போயிடணும்.” இரண்டு பேரிகார்டு தருவதாகச் சொன்னார். மறுநாள் அவை வந்து நின்றன. ‘காவல்’ என்பது சிறிய எழுத்தில். அதற்கு மேல் ஒரு நகைக்கடையின் பெயர் ஓரடி உயரத்தில். விசாரித்தபோது சிரித்தார். “இதெல்லாம் கடைக்காரங்க வாங்கிக் கொடுக்கிறது, மேடம். நாங்க கேட்டு எழுதினா வர்றதுக்குள்ள நான் டிரான்ஸ்பர் ஆயிடுவேன்.” வசூலிக்கும் அபராதம் எங்கே போகிறது என்று கேட்டோம். கையிலிருந்த இ-செலான் கருவியை உயர்த்திக் காட்டினார். “இதுல போட்டதும் கவர்ன்மென்டுக்குப் போயிடும். அதுக்கப்புறம் எங்களுக்குத் தெரியாது.”

அவருக்குத் தெரியாததை நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ள முயன்றோம். அரசியலமைப்புச் சட்டத்தின் 266ஆம் உறுப்புப்படி மாநில அரசுக்கு வரும் வருவாய் யாவும் மாநிலத்தின் தொகுப்பு நிதியில் சேரும். தலைக்கவசம் இல்லாமல் எங்கள் கல்லூரி வாசலில் பிடிபடுபவன் கட்டும் தொகையும் அதில் போய்க் கலக்கும். அந்தத் தொகை சிறியதன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தை ஒட்டித் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதங்கள் உயர்ந்தபோது, தலைக்கவசத்துக்கான 100 ரூபாய் 1000 ரூபாயாயிற்று. அபராத வசூலை அடிப்படையாகக் கொண்டு ‘சாலைப் பாதுகாப்பு நிதி’ என்ற ஒதுக்கீடும் தமிழ்நாட்டில் இருபதாண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறது. ரோந்து வாகனம், வேகம் அளக்கும் கருவி, மூச்சுச் சோதனைக் கருவி, கேமரா, ஆபத்தான வளைவுகளைச் சீர்செய்தல் என்று அது செலவாகிறது. எதையும் வேண்டாத செலவு என்று சொல்லமாட்டோம். ஆனால் பட்டியலை இரண்டாம் முறை படிக்கும்போது ஒன்று தட்டுப்பட்டது. பெரும்பாலானவை வண்டியில் போகிறவரைப் பிடிப்பதற்கோ, வண்டியில் போகிறவருக்கு வழியைச் செம்மையாக்குவதற்கோ ஆனவை. நடப்பவருக்கு நம்பர் பிளேட் இல்லை, உரிமம் இல்லை, அவர் சாலை வரி கட்டுவதில்லை, அபராதமும் கட்டுவதில்லை. அவருக்குக் கோப்பு எங்கிருந்து தொடங்கும்?

இத்தனைக்கும் 2022ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் அறிக்கைப்படி இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105.

அன்று, அதாவது விபத்து நடந்த அன்று, இரண்டாம் மணி வேளையில் எங்களில் ஒருவருக்குப் பெரும்பாணாற்றுப்படை வகுப்பு இருந்தது. மருத்துவமனைக்கு ஒருவர் போக, மற்றவர் வகுப்புக்குப் போனார். பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் சரிபாதி. ‘ஆறு’ என்றால் வழி. நடந்து போகிறவனுக்கு நடந்து வந்தவன் வழி சொல்லும் பாட்டு. பாணனும் பொருநனும் கூத்தனும் பாதசாரிகள். உருத்திரங்கண்ணனார் அந்தப் பாட்டில், மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகர் கூட்டம் செல்லும் பெருவழியைக் காட்டுகிறார். அங்கே சுங்கம் வாங்கப்படுகிறது. அதே வழியில் வில்லேந்திய வீரர்கள் காவல் இருக்கிறார்கள். இளந்திரையனின் நாட்டில் வழிப்பறி இல்லை என்று சொல்ல வந்த இடம் அது. எத்தனையோ முறை நடத்திய பகுதி. வழியில் வாங்கிய பொருளும் வழிக்குத் தந்த காவலும் ஒரே காட்சிக்குள் நிற்கின்றன என்பது அன்று வரை எங்களுக்குத் தோன்றியதில்லை. புகழ்ச்சிப் பாட்டை நிதிநிலை அறிக்கையாகப் படிக்கக்கூடாது என்பது தெரியும். ஆயினும் புலவன் எதைப் புகழத் தக்கதாக நினைத்தான் என்பதைக் கவனிக்கலாம் அல்லவா.

அடுத்து, சாலையைப் பராமரிக்கும் அலுவலகம். இளம் பொறியாளர். வேகத்தடை கேட்டோம். “நேஷனல் ஹைவேஸ்ல ஸ்பீடு பிரேக்கர் போடக் கூடாது சார். இருக்கிறதையே எடுக்கச் சொல்லி 2016லயே ஆர்டர்.” நடைமேம்பாலத்துக்கு முன்மொழிவு அனுப்பலாம் என்றார். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அத்தனை படி ஏறும் மாணவியை மூவரும் ஒரு கணம் கற்பனை செய்து பார்த்தோம். அவரே தலையை ஆட்டிக்கொண்டார். பின் கணினித் திரையைப் பார்த்தபடி கேட்டார்: “அந்த இடத்துல எத்தனை கேஸ் ஆகியிருக்கு?”

‘பிளாக் ஸ்பாட்’ என்று ஒன்று இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த விபத்துகள் ஐந்து நடந்திருக்க வேண்டும். அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். அப்படி ஆனால் அந்த இடம் கரும்புள்ளி. கரும்புள்ளி ஆனால் ஆய்வு, வடிவமைப்பு, நிதி. எங்கள் வாசலில் பதிவாகியிருந்தவை மூன்று. “இன்னும் ரெண்டு இருந்தா ப்ரயாரிட்டில போயிடும்” என்றார். சொன்ன பிறகு தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல் நிமிர்ந்து பார்த்தார். அவர் மேல் எங்களுக்குக் கோபமில்லை. ஏனென்றால் அந்த மூன்றில் எங்கள் மாணவி இல்லை.

அவள் சைக்கிளிலிருந்து தானே விழுந்தவள். அரசின் ஏட்டில் அந்த மோட்டார் சைக்கிள் வரவே இல்லை. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகவும் அவளுக்கு வழியில்லை. போக வேண்டிய ஆவணத்தின் முதல் தாளையே இல்லாமல் செய்தவர்கள் நாங்கள். நாலாவதாக வந்திருக்க வேண்டிய எண்ணை இரக்கத்தின் பெயரால் அழித்துவிட்டு, நிதி ஏன் வரவில்லை என்று மனுப்போட வந்திருந்தோம். அதன்பின் விசாரித்ததில், இரண்டாண்டுக்கு முன் காவலாளி ஒருவரை ஸ்கூட்டர் இடித்துக் கை முறிந்ததும் ‘பேசி முடித்த’ சங்கதிதான் என்று தெரிந்தது. ஐந்து. கணக்கு சரியாக இருந்திருந்தால், அந்தப் பொறியாளரின் திரையில் எங்கள் வாசல் அப்போதே கறுத்திருக்கும்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது இருவரும் பேசவில்லை. அன்றிலிருந்து யூ டர்ன் வரை போய்த் திரும்புகிறோம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பதினைந்து நாள் கழித்து மழையில் ஒருமுறை மீண்டும் பெட்ரோல் பங்க் எதிரில் புகுந்தோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் வில்லை ஒட்டி, எங்கள் வட்டாரத்தில் வசூலான அபராதம் எவ்வளவு, அதில் பாதசாரிகளுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் செலவானது எவ்வளவு என்று கேட்டோம். முதல் கேள்வி ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு 6(3) பிரிவின் கீழ் மாற்றப்பட்டது. இரண்டாம் கேள்விக்கு, அவ்விதம் தனியே கணக்கு வைக்கப்படவில்லை என்று பதில். ஒருவேளை எங்களுக்குக் கிடைத்ததிலேயே நேர்மையான பதில் இதுதான். ஊராட்சித் தலைவரிடமும் போனோம். சாலை அவர் எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் அவருடையது அன்று. விளக்குக் கம்பம் ஒன்று நட்டுத் தருவதாகச் சொன்னார், நட்டும் தந்தார். அபராதத்திலிருந்து ஒரு ரூபாய்கூட ஊராட்சிக்கு வராது என்பதை எங்களிடமிருந்துதான் கேள்விப்பட்டார். “எங்க ஊர் ஆளுங்ககிட்டதானே சார் வாங்குறாங்க?” என்றார்.

செய்ய முடியாத காரியம் என்று சொல்வதற்கில்லை. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் சாராப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவர்க்கும் சைக்கிளுக்கும் என்பது அதன் உள்ளடக்கம். 2018க்குள் பாதசாரி, சைக்கிளோட்டி மரணங்களைச் சுழியமாக்குவது இலக்கு. இலக்கு எட்டப்படவில்லை என்பதைச் சென்னை வாசகர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைவளாகத்தில் ஒரு மாலை நடந்தபோது, பணம் இறங்கினால் சாலை எப்படி இருக்கும் என்பதைக் கால் உணர்ந்தது. இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுநூல் நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது. அது இரண்டு பேர் பேசிக்கொண்டு நடக்க, மூன்றாமவர் எதிரே வர, யாரும் இறங்க வேண்டாத அகலம். எங்கள் நெடுஞ்சாலை விளிம்பில் வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் இருப்பது சரளை, அதற்கப்பால் கருவேலம்.

சட்டமும் கைவிட்டுவிடவில்லை. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு இன்றும் புதிய ஆணைகளைப் பெற்றுவரும் வழக்கு. முறிந்த எலும்புகளை ஒட்டிக்கொண்டே இருந்த ஒருவருக்கு, முறியாமல் இருக்க ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றியதில் வியப்பில்லை. அவ்வழக்கில் 2025 அக்டோபர் 7 அன்று வந்த ஆணை, சட்டத்தின் 138(1அ) பிரிவின்கீழ் பாதசாரிகள் பற்றிய விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களிடம் சொன்னது. அந்தப் பிரிவைத் தேடிப் படித்தோம். நடப்போரின் நடவடிக்கைகளை ‘ஒழுங்குபடுத்துதல்’ என்கிறது. ஒழுங்கு தவறிய வண்டியால் இடிபட்டவளை ஒழுங்குபடுத்துவது எப்படி என்று யோசித்தோம். தமிழாசிரியர்களுக்குச் சொல்லில் சிக்கிக்கொள்ளும் நோய் உண்டு. அதே 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 198அ என்ற பிரிவும் இருக்கிறது. சாலை வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாத அதிகாரிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தக் கருவி மட்டும் எஸ்.ஐ.யின் கையில் கொடுக்கப்படவில்லை.

இடையில் ஒரு நகைச்சுவையும் நடந்தது. 2024 ஜனவரியில், சாலைப் பாதுகாப்பு விழாக்களின் மாதத்தில், ஆசிரியர்களும் மாணவர்களும் காசு போட்டுப் பெயின்ட் வாங்கி, ஒரு ஞாயிறு விடியற்காலையில் வாசலுக்கு நேரே ஜீப்ரா கிராஸிங் வரைந்தோம். வேதியியல் துறை நண்பர் கலவையைப் பார்த்துக்கொண்டார்; எங்கள் துறை நூல்பிடித்துக் கோடு போட்டது. அழகாகத்தான் இருந்தது. பத்து நாளில், தேசிய நெடுஞ்சாலையில் அனுமதியின்றிக் குறியீடு வரைந்ததற்கு விளக்கம் கேட்டு முதல்வருக்குக் கடிதம் வந்தது. விளக்கத்தை எழுதியது நாங்கள், மூன்று பக்கம். அதற்குப் பதில் வருவதற்குள் கோடு அழிந்துவிட்டது. சாலைக்குறிக்குச் சூடாக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக்கும், இரவில் ஒளிர அதில் தூவும் கண்ணாடி மணிகளும் வேண்டும் என்பதையும், நாங்கள் வாங்கியது ஜன்னல் கம்பிக்கு அடிப்பது என்பதையும் பிறகு அந்த இளம் பொறியாளர் சொல்லித்தான் அறிந்தோம்.

மாணவி ஒரு பருவத் தேர்வை இழந்து, 2024 ஜூனில் திரும்பி வந்தாள். சிறிது சாய்ந்து நடக்கிறாள். இப்போது சைக்கிள் இல்லை. காலை ஏழு மணிப் பேருந்தில் வந்து, கல்லூரி திறக்கும்வரை வாசலுக்கு உள்ளே புங்க மரத்தடியில் உட்கார்ந்து படிக்கிறாள். அந்த இரண்டு மணி நேரத்தை யாரும் கணக்கில் எழுதவில்லை. ஊரிலிருந்து அலைபேசியில் அம்மா பேசும்போதெல்லாம் அதே கேள்வி வரும். “இன்னும் ஏறல” என்போம்.

சென்ற பருவத்தில் ஒருநாள் அவள் துறைக்கு வந்தாள். ஏதோ கையெழுத்து வாங்க வந்தவள், மேசைமேல் கிடந்த மனுவின் நகலைப் பார்த்துவிட்டாள். நின்றபடியே முழுவதும் படித்தாள்.

“இதுல என்னப் பத்தி ஒண்ணும் இல்லியே, ஐயா?”

இல்லை என்றோம். ஏன் இல்லை என்பதைச் சொன்னோம். மருத்துவமனையில் அவள் தந்தையிடம் நாங்கள் பேசியதையும், அதற்கு முன் மூன்றாண்டுகள் நாங்கள் எந்தப் பக்கமாக வந்தோம் என்பதையும். அவளுக்குத் தெரியாதது எதுவும் அதில் இருக்கவில்லை போலும். “நீங்க வர்றதப் பாத்திருக்கேன்மா” என்று எங்களில் ஒருவரைப் பார்த்துச் சொன்னாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

“நான் எழுதித் தரட்டுமா?”

இனி வழக்குக்காக இல்லை, பையனின் பெயர் வேண்டாம் என்பது அவள் போட்ட நிபந்தனை. பையனையும் கேட்டோம், அவன் இப்போது கல்லூரிப் பேருந்தில் வருகிறான். தலையை அசைத்தான். ஒரு தாளில் தேதி, நேரம், எங்கே நின்றாள், எந்தப் பக்கம் பார்த்தாள், வண்டி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அவள் எழுதினாள். வாக்கியங்கள் குட்டையாக இருந்தன. திருத்த எங்களுக்குக் கை வரவில்லை. ஒரு சந்திப் பிழையைக்கூட விட்டுவிட்டோம். இரண்டாம் தாளை நாங்கள் எழுதினோம். பதிவேட்டில் தவறாக ஏறியது எங்கள் சொல்லால் என்றும், எதிர்த்திசையில் அந்த 400 மீட்டரை நாங்களும் பயன்படுத்தினோம் என்றும், காவலாளியின் கை முறிந்ததையும் குறித்து, இருவரும் கையெழுத்திட்டோம்.

மூவருமாக அலுவலகத்துக்குப் போனோம். தபால் பிரிவில் இருந்தவர் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: “இணைப்பு எத்தனை பக்கம்?”

“ரெண்டு” என்றாள் அவள்.